பேஸ்பால் வீடியோ கேமில் கடினமான லெவலில் ஜெயிப்பது எப்படி?

‘எம்எல்பி தி ஷோ’ கேமில் வெட்டரன் லெவல்வரை நன்றாக ஜெயிக்கிறேன், அதைவிடக் கடினமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனதும் ரன்னே வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்வது: மட்டையை வீசுவதைக் குறையுங்கள். லெவல் ஏற ஏற, பந்தைச் சந்திக்க நாம் நகர்த்தும் அந்தக் குறி, அதாவது பிசிஐ, சிறுத்துக்கொண்டே போகும். வெட்டரனில் குறியைச் சுமாராக வைத்தாலே நன்றாக அடிபட்ட பந்து, மேல் லெவல்களில் பந்து வீசும் பிட்சரின் கைக்கே சுலபமாகப் போய்ச் சேரும். எல்லாப் பந்தையும் துரத்தினால் மூன்றே பந்தில் அவுட்.

நிஜ ஆட்டத்தில் பிட்சருக்கும், பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர்தான். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அதைக் கடக்க ஏறக்குறைய 0.4 வினாடி போதும். அதற்குள் வேகத்தையும் இடத்தையும் பார்த்து முழு முடிவையும் எடுப்பது கடினம். பந்து வருவதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவைத்திருக்க வேண்டும். வீசித் தவறிய பந்தும், கட்டத்துக்குள் வந்தும் நாம் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் அவுட். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஒரே இடத்தை மட்டும் எதிர்பாருங்கள். எனக்கு அது உள்பக்கம், இடுப்பு உயரம், ஃபாஸ்ட்பால். வேறெது வந்தாலும், ஸ்ட்ரைக்காகவே இருந்தாலும், விட்டுவிடுவேன். 2-0, 3-1 என்று பால் கணக்கு (முதல் எண் கட்டத்துக்கு வெளியே போய் நாம் விட்ட ‘பால்’, அடுத்தது ஸ்ட்ரைக்) நமக்குச் சாதகமாக இருக்கும்போது பிட்சர் கட்டத்துக்குள் போட்டே ஆக வேண்டும். அடிக்கவேண்டிய நேரம் அதுதான். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டால் கான்டாக்ட் ஸ்விங்குக்கு மாறுங்கள். பலம் குறையும், ஆனால் குறி பெரிதாகும். பலமாக அடிக்கும் பவர் ஸ்விங்கை, ஹால் ஆஃப் ஃபேமுக்கும் மேலே உள்ள லெஜண்ட் லெவலில் நான் தொடுவதே இல்லை.

விடப் பழகுவதற்கு ஒரு பயிற்சியை என் அக்கா மகளிடம் பார்த்தேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வருவாள், பள்ளியில் சாப்ட்பால் ஆடுகிறவள். கேமின் பயிற்சிப் பகுதியான கஸ்டம் பிராக்டிஸில், நல்ல ஸ்லைடர் (கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) உள்ள பிட்சரை எடுத்துக்கொள்வாள். பட்டனில் கையே வைக்கமாட்டாள். பந்து பிட்சரின் கையை விட்டதும் “உள்ளே”, “வெளியே” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் நான் ஆடும்போதும், “மாமா, கீழ இறங்குது, விடுங்க மாமா!” என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நீங்களும் செய்து பாருங்கள். ஃபாஸ்ட்பாலுக்கும், அதைப் போலவே கிளம்பி மெதுவாக வரும் சேஞ்ச்அப்புக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் டிவியைக் கவனியுங்கள். படத்தை அழகாக்கும் வேலைகளைச் செய்துவிட்டுத்தான் பல டிவிகள் காட்சியைக் காட்டும், அதற்குள் பந்து தாண்டிவிடும். செட்டிங்ஸில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். ஒவ்வொரு ஸ்விங்குக்கும் பிறகு சீக்கிரமா, லேட்டா என்று கேமே காட்டுகிறது. எல்லாமே லேட் என்று வந்தால் உங்கள் கை மேல் பழி போடுவதற்கு முன் டிவியைச் சந்தேகப்படுங்கள். கேமரா கோணத்தை ஸ்ட்ரைக் ஸோனுக்கு மாற்றுங்கள், பந்து பெரிதாகத் தெரியும். இங்கிருந்து அமெரிக்கக்காரர்களோடு ஆன்லைனில் ஆடுவதாக இருந்தால் தூரத்தால் வரும் தாமதமும் சேரும். அதனால் டைமிங்கைக் கம்ப்யூட்டரோடு ஆடியே பழகுங்கள்.

பந்து போடும்போது ஒன்றுதான் முக்கியம்: ஒரே பந்தை ஒரே இடத்தில் திரும்பப் போடாதீர்கள். மேலே ஒரு ஃபாஸ்ட்பால், அடுத்து அதே பாதையில் கிளம்பிக் கீழே இறங்கும் சேஞ்ச்அப் அல்லது வளைந்து இறங்கும் கர்வ்பால். பின்பாயிண்ட் முறையில், திரையில் காட்டும் வடிவத்தைக் கன்ட்ரோலரின் குச்சியால் சரியாக வரைந்தால் பந்து நினைத்த இடத்தில் விழும். அது கைக்கு வரும்வரை, அளவுகோலைப் பார்த்துப் பட்டனை அழுத்தும் மீட்டர் முறையே நல்லது. ஹிட்டிங்குக்கும் பிட்சிங்குக்கும் தனித்தனி லெவல் வைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹிட்டிங்கை மட்டும் ஒரு படி கீழே வைத்து ஆடிப் பிறகு ஏற்றுங்கள்.

பிட்சரின் ஸ்டாமினா தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறாவது இன்னிங்ஸிலேயே புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) ஒருவரை வார்ம்-அப் செய்யச் சொல்லுங்கள், சூடேறாமல் வருபவர் அடி வாங்குவார். எதிரணியில் இடக்கை பேட்டர்கள் வரிசையாக வருகிறார்களா என்று முன்கூட்டியே பார்த்து, இடக்கை பிட்சரை அவர்களுக்கென்று வைத்திருங்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் வலக்கை பிட்சருக்கு எதிராக ஒரு மதிப்பு, இடக்கைக்கு எதிராக வேறு மதிப்பு உண்டு. லெஜண்டில் அந்த வித்தியாசம் ஒரு ரன்னில் தெரியும்.