சிக்னலில் நடுங்கும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் 2004ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 ஏ.சி. கார் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. ஓடினால் ஸ்டீயரிங்கும் உள்கண்ணாடியும் நடுங்குகின்றன. முதல் கியரில் கிளட்சை விடும்போது முன்பக்கத்தில் ‘டொக்’கென்று ஒரு சத்தமும் கேட்கிறது. ஒரு மெக்கானிக் இன்ஜின் மவுண்டிங்குகளை (இன்ஜினைப் பாடியோடு இணைத்துத் தாங்கும் ரப்பர் தாங்கிகளை) மாற்றச் சொல்கிறார். இன்னொருவரோ, ‘மூணு சிலிண்டர் வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் வண்டி நிற்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 30 முறை எரிபொருள் எரியும். மூன்று சிலிண்டரில் அது 22, 23 முறைதான். உதறல் இப்படி மெதுவாக வரும்போது அதை ரப்பரால் தடுப்பது கடினம். நம் உடம்புக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் வண்டி புதிதாக வந்தபோதும் சிலிண்டர்கள் மூன்றுதானே? அன்று ஆடாத கண்ணாடி இன்று ஆடுகிறது என்றால், இடையில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அந்த ‘டொக்’ சத்தத்துக்கும் சிலிண்டர் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

எனினும், மவுண்டிங்கில் கைவைப்பதற்கு முன் இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஏ.சி. கம்ப்ரசர் இழுக்கத் தொடங்கியதும் ஐடில் வேகம் விழுந்து போனாலோ, உதறல் ஒரே தாளமாக இல்லாமல் இடையிடையே தவறினாலோ, ஸ்பார்க் பிளக்கையும், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் முதலில் கவனிக்க வேண்டும். அழுக்கைத் துடைத்தாலே தீர்ந்திருக்கும் நடுக்கத்துக்காக மவுண்டிங்கை மாற்றிவிட்டு, பிறகும் அது நிற்கவில்லையே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

இன்ஜின் சீராகத்தான் ஓடுகிறது என்றால், அது ஆறிய பிறகு டார்ச் விளக்கடித்து ஒவ்வொரு மவுண்டிங்கையும் பாருங்கள். ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை போல ஓடும் வெடிப்புகள் வயதின் அடையாளம் மட்டுமே. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருப்பதும், ஒரு பக்கமாகச் சரிந்து இரும்போடு இரும்பு உரசிய இடம் பளபளவென்று தெரிவதும்தான் மாற்ற வேண்டியதற்கான அறிகுறிகள். உங்களுக்குக் கேட்கும் ‘டொக்’ அந்தப் பளபளப்பான இடத்திலிருந்து வருவதாக இருக்கலாம்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் கால் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்சை மிக மெதுவாக, வண்டி இழுக்கத் தொடங்கும் வரை மட்டும் விட வேண்டும். மற்றவர் பானட்டைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது. இன்ஜின் சற்றே சாய்வது இயல்புதான். ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பி விழுந்தால் மவுண்டிங் போய்விட்டது என்று கொள்ளலாம். ரிவர்ஸ் கியரில் இன்ஜின் எதிர்ப்பக்கமாகச் சாயும் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கத்து மவுண்டிங் என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இன்ஜின் ஆடாமல் ‘டொக்’ மட்டும் கேட்டால், சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகளையும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. மவுண்டிங்கைக் கழற்றும் முன் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் சிலர் ஜாக்கியை நேராக ஆயில் சம்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு) அடியில் கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். சம்ப் வெறும் தகரம். அது உள்ளே அமுங்கினால், ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியின் வாய் அடைபட்டு, மவுண்டிங் வேலைக்குப் போன வண்டி இன்ஜின் வேலைக்குத் திரும்பி வரும். அகலமான மரக்கட்டை ஒன்றை வைத்து, கூடுமானவரை கியர் பாக்ஸ் பக்கமாகத் தாங்கி, எடை மவுண்டிங்கிலிருந்து நீங்கும் அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். அதற்குள் ரேடியேட்டர் ஹோஸோ சைலன்சர் குழாயோ இழுபடுகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டிவிட்டு, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையோடு உட்கார்ந்த பிறகுதான், வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முறுக்கினால், புது ரப்பர் முறுக்கிக்கொண்ட வாக்கிலேயே நின்று, நடுக்கம் முன்பைவிடக் கூடும். சீக்கிரம் கிழியவும் செய்யும்.

இருபது வயது வண்டியில் ஒன்று போயிருந்தால் மற்றவையும் தளர்ந்திருக்கும். ஆகையால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொன்ன மெக்கானிக் உங்களை ஏமாற்றவில்லை.

கேள்வி: என் அம்பாசடரில் இடப்பக்க மவுண்டிங் ஒவ்வோர் ஆண்டும் கெட்டுப்போகிறது. தரமில்லாத பொருளா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருக்கலாம். ஆனால் கழற்றிய பழைய ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஊதிப்போய் இருந்தால், இன்ஜின் ஆயில் அதன்மேல் சொட்டுகிறது என்று பொருள். இயற்கை ரப்பர் ஆயிலை உறிஞ்சி உப்பி, வலுவிழந்துவிடும். கசிவை அடைக்காமல் எத்தனை மவுண்டிங் மாட்டினாலும் இதே கதைதான். உங்கள் வண்டியில் ஃபேன் இன்ஜினோடும், ரேடியேட்டர் பாடியோடும் பொருத்தப்பட்டிருப்பதால், மவுண்டிங் தாழ்ந்தால் ஃபேன் இறக்கை ரேடியேட்டரை உரசும் அபாயமும் உண்டு. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மவுண்டிங்குக்குப் பதிலாக லாரி டயரை வெட்டி வைத்தால் ஆயுளுக்கும் உழைக்கும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டயர்த் துண்டு நீண்ட நாள் கிழியாமல் இருக்கக்கூடும். ஆனால் அந்தக் கடினம் உதறலைத் தடுக்காமல் அப்படியே பாடிக்குக் கடத்தும். சைலன்சர் இணைப்பும் டேஷ்போர்டு திருகுகளும் ஒவ்வொன்றாகத் தளரத் தொடங்கும். அவசரத்துக்கு வீடு வந்து சேர அது உதவலாம். மறுநாளே சரியான மவுண்டிங்கை வாங்கி மாட்டிவிடுங்கள்.