மேடை விளக்குகள்: கேட்டவையும் என் பதில்களும்

ஃப்ரெனல், புரொஃபைல், பார் என்று மூன்று வகை விளக்குகள்: என்ன வேறுபாடு ஐயா? (கல்லூரி நாடகக் குழு மாணவர்)

ஒளி முடியும் விளிம்பைப் பாருங்கள் தம்பி. ஃப்ரெனலின் வில்லை வட்ட வட்டப் படிகளாக இருக்கும். கலங்கரை விளக்கத்துக்காகப் பிறந்தது. அதன் ஒளி ஓரத்தில் கரைந்துவிடும். அருகருகே இரண்டை வைத்தால் ஒட்டுத் தெரியாமல் மேடை நிறையும். புரொஃபைல் ஒளி கத்தியால் வெட்டியதுபோல் விழும். உள்ளிருக்கும் நான்கு தகடுகளால் ஒரு கதவளவுக்கு அதை ஒடுக்கலாம். பார் விளக்கில் அந்த நுணுக்கம் இல்லை. பின்னாலிருந்து வண்ணம் கொட்ட ஏற்றது. எதைத் தொங்கவிட்டாலும் பாதுகாப்புச் சங்கிலி மாட்டுங்கள்.

அரங்கேற்றத்தில் முகம் பளிச்சென்று இருந்தது, அடவுகள் எடுபடவில்லை. ஏன்? (நடன ஆசிரியை)

விளக்கு எல்லாம் முன்னாலிருந்தே வந்திருக்கும் அம்மா. நேர் முன்னொளி நிழலைத் துடைத்துவிடும். நிழல் போனால் உடலின் திரட்சியும் போய்விடும். பக்கத் திரைகளுக்கு இடையே கம்பம் நிறுத்தி, இடுப்பு உயரத்திலும் தலைக்கு மேலும் பக்கவொளி கொடுங்கள். அரைமண்டி அப்போதுதான் அரைமண்டியாகத் தெரியும். முகத்துக்கு அமெரிக்க மேடை ஒளி வல்லுநர் ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட முறை இன்றும் போதும்: இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒவ்வொரு விளக்கு, ஒன்றில் இளமஞ்சள், மற்றதில் இளநீலம்.

எத்தனை வாட் வாங்கலாம்?

மேடை அகலமும் விளக்கின் தூரமும் தெரியாமல் சொல்ல இயலாது.

சிவப்பு ஒளியில் பச்சை ஒப்பனை கறுத்துவிட்டதே?

பச்சைச் சாயம் சிவப்பை விழுங்கிவிடும். ஒப்பனையோடு ஒத்திகை பாருங்கள்.

எல்இடி வந்த பிறகும் ஹாலஜன் எதற்கு?

முகத்துக்காக. ஹாலஜனைத் தணித்தால் அந்திபோல் சிவந்து அடங்கும். சாதாரண எல்இடி நிறம் மாறாமல் மங்கும். மலிவானது கடைசியில் வெட்டி வெட்டி அணையும்.

மின்கட்டணத்தை யார் கட்டுவது? எங்கள் பள்ளி மண்டபத்தில் எல்இடிதான் கட்டுப்படியாகிறது.

நியாயமான கேள்வி. 1000 வாட் ஹாலஜன் ஒன்றே நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பின்திரைக்கும் வண்ணத்துக்கும் எல்இடியையே போடுங்கள். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை காட்டும் விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள். தோல் சாம்பல் பூத்துவிடும், பட்டின் நிறமும் பொய்யாகும். வெள்ளையும் அம்பரும் (தேன்மஞ்சள்) தனியாக உள்ள எல்இடி வாங்கினால் உங்களோடு எனக்கு வழக்கில்லை.

மண்டபத்து வயரிங் தாங்குமா? எத்தனை வாட்?

வாட் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வயரிங்கை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

விளக்கைத் தொங்கவிடும் கொக்கியை நன்றாக இறுக்கினால் பாதுகாப்புச் சங்கிலி வேண்டாம்தானே?

வேண்டும். ஒரு மண்டபத்தில் நான் இறுக்கிய கொக்கியே சூட்டிலும் அதிர்விலும் தளர்ந்தது. விளக்கு ஒரு சாண் இறங்கிச் சங்கிலியில் நின்றது. கீழே குழந்தைகள் கும்மிக்கு வரிசை கட்டியிருந்தார்கள்.