நைட் டூட்டியில் ஆங்கிலம்

அன்புள்ள சார்,

எனக்குத் தர்மபுரி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். நான்கு வருடமாகப் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். ஆங்கிலம் படித்தால் புரியும், கேஸ் ஷீட் எழுதுவேன். பேசத்தான் வராது. போன மாதம் நைட் டூட்டியில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனது. டாக்டருக்குப் போன் போட்டு எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். "ஓகே சிஸ்டர், அப்சர்வ்" என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து சீனியர் அக்கா பேசிய பிறகுதான் வந்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் தூக்கம் இல்லை. ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.டி. எழுதி லண்டன் போ என்கிறார்கள். எனக்கு வெளிநாடு போகும் எண்ணம் கிடையாது. பிறகு எதற்காகக் கற்க வேண்டும்? தமிழில் எழுதுகிற நீங்கள் சொன்னால் நம்புவேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் காரணம்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம், தரையிறங்க அனுமதி கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே சுற்றியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கேப்டனுக்கு ஆங்கிலம் அதிகம் வராது, ரேடியோவில் பேசியவர் துணை விமானி. எமர்ஜென்ஸி என்று சொல் என்று கேப்டன் ஸ்பானிய மொழியில் அவரிடம் சொன்னார். துணை விமானி எரிபொருள் தீர்கிறது என்று மட்டும் தெரிவித்தார். 'எமர்ஜென்ஸி' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னது வழக்கமான தகவலாகவே பட்டது. விமானம் லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியும். என்ன நடக்கிறது என்பதும் தெரியும். கேட்பவரை உடனே எழ வைக்கிற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

அந்த டாக்டர் திருப்பி இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரை மாற்றுவது நம் கையில் இல்லை. உங்கள் ஐ.சி.யூ.வில் டாக்டர் ஒரு மாநிலம், டெக்னீஷியன் ஒரு மாநிலம், பக்கத்து நர்ஸ் கேரளமோ மணிப்பூரோ. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் மொழி ஆங்கிலம் ஒன்றுதான். நோயாளிக்காகப் பேச அந்த நேரத்தில் உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்வதற்கு எஸ்பார் (SBAR) என்று ஒரு முறை உண்டு, நீங்கள் படித்திருக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நான்கே படிகள். இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். முதல் இரண்டும் உங்களுக்கு வரும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96-இலிருந்து 88-க்கு இறங்கிவிட்டது, ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள் என்பதையெல்லாம் கேஸ் ஷீட்டில் தினமும் எழுதுகிறீர்களே. மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "டாக்டர், ஐ நீட் யூ டு கம் அண்ட் சீ ஹிம் நவ்." இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. டாக்டரிடம் போய் இப்படிச் சொல்வதா என்ற தயக்கம்தான் தடுக்கிறது. அதனால் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்த நான்கு படிகளையும் உங்கள் வார்டு நோயாளிகளை வைத்தே, ஹாஸ்டல் அறையில், சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, வாய் பழக வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் வேண்டாம். திருப்பூர் பரோட்டாக் கடையில் ஒடிசா தம்பி "அண்ணா, இன்னொண்ணு வெக்கவா" என்று கேட்கும்போது நமக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கிறது? அவன் ஊர் வாடையை யாராவது குறையாக நினைக்கிறோமா? உங்கள் ஆங்கிலத்தில் தர்மபுரி இருந்தால் இருக்கட்டும். எண்கள் மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பினால் மருந்து அளவே மாறிவிடும்.

தமிழில் எழுதுகிற நான் சொன்னால் நம்புவேன் என்கிறீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து மகனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு, டாக்டர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல்லப் போவது நீங்கள்தான். புரியாத இடத்தில் டாக்டரை நிறுத்திக் கேட்கிற ஆங்கிலம் உங்களிடம் இருந்தால்தான் அந்த அம்மாவுக்கு முழுத் தகவல் போய்ச் சேரும். இதைத் தமிழுக்குச் செய்கிற துரோகமாக என்னால் நினைக்கவே முடியவில்லை.

ஓ.ஈ.டி. பற்றி ஒன்று மட்டும். அதன் பேச்சுத் தேர்வில் நீங்கள் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். இரண்டு உரையாடல்கள். அதற்கான மாதிரிகளை எடுத்துத் தோழியோடு பேசிப் பாருங்கள், பயிற்சிக்கு நன்றாக இருக்கும். லண்டன் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடுத்த முறை யாராவது "அப்சர்வ்" என்று சொல்லிப் போனை வைக்கப் போனால், எத்தனை மணிக்கு வந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிற நேரத்தை அவர் காதில் விழும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள்.

அன்புடன்.