நாள் முழுக்க நிற்கும் வேலையில் நரம்பு சுருட்டல் வலி: வீட்டில் என்ன செய்யலாம்?

ஜவுளிக்கடையில் நின்றே வேலை, சாயங்காலமானால் கால் கனத்து வலிக்கிறது, கெண்டைக்கால் நரம்பு புடைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்பு என்று சொன்னாலும் அது இரத்தக்குழாய்தான். காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை தளர்ந்தால் இரத்தம் கீழேயே தேங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் அது மேலே ஏறும். அதனால் அசையாமல் நிற்பதுதான் பெரிய எதிரி. நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கடையில் உட்கார இருக்கை கேளுங்கள், தயங்க வேண்டாம். 2021-இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டத்திருத்தமே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் படுத்து, கால்களை நெஞ்சுமட்டத்துக்கு மேலே தலையணையில் கால் மணி நேரம் வையுங்கள். இந்த நோய்க்கென்றே விற்கும் இறுக்கமான காலுறையை (கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்) காலையில் வீக்கம் ஏறுமுன் போட வேண்டும். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். அப்புறம், புடைத்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது வேண்டாம்.

கணுக்கால் பக்கம் தோல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, புடைத்த இடம் சிவந்து கெட்டியாகி வலித்தாலோ இரத்தநாள மருத்துவரைப் பாருங்கள். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். லேசர் சிகிச்சையும் இருக்கிறது.

இரத்தம் பீறிட்டால் உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் 108. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக 108-ஐ அழையுங்கள்.