வாசகர் கேள்வி-பதில்: டெம்பரேச்சர் சென்சாரை எங்க மாட்டுறது?

கேள்வி: சார், என்கிட்ட இருக்கிறது சின்ன பெட்ரோல் கார். டாஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல லைட்டும் சிவப்பு லைட்டும்தான். அடிக்கடி கொல்லிமலை ஏற வேண்டியிருக்கு, 70 கொண்டை ஊசி வளைவு, சிவப்பு லைட் எரியறதுக்குள்ள இன்ஜின் போயிடுமோன்னு பயமா இருக்குங்க. அதனால தனியா ஒரு டிஜிட்டல் மீட்டரும் சென்சாரும் வாங்கிட்டேன். ஒரு மெக்கானிக் கீழ் ஓஸ்ல மாட்டலாம்ங்கிறார், இன்னொருத்தர் மேல் ஓஸ்ங்கிறார், கடைக்காரர் ரேடியேட்டர் தகடுக்கு நடுவுல சொருகிடுங்கன்னுட்டார். எதுதான் சரி? (நாமக்கல் வாசகர்)

பதில்: தண்ணி எந்த வழியா சுத்துதுன்னு பாத்துட்டாலே பாதி பதில் கிடைச்சிடும்ங்க. ரேடியேட்டர்ல ஆறின தண்ணி கீழ் ஓஸ் வழியா வாட்டர் பம்புக்கு வரும், பம்ப் அதை பிளாக்குக்குள்ள (இன்ஜினோட கீழ் பாகம்) தள்ளும், அங்கேர்ந்து ஹெட்டுக்கு (அதுக்கு மேல உக்கார்ற பாகம்) ஏறி எக்ஸாஸ்ட் வால்வ் பக்கத்து சூட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு தெர்மோஸ்டாட் (தண்ணி சூடானாத்தான் திறக்கிற வால்வ்) வழியா வெளிய வந்து மேல் ஓஸ்ல ரேடியேட்டருக்கு திரும்பும். தண்ணி ரொம்ப சூடா இருக்கிறது ஹெட்டை விட்டு வெளிய வர்ற அந்த வாயிலதான். சென்சார் உக்கார வேண்டியது அங்கதான், அதுவும் தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கம்.

கீழ் ஓஸ் வேணவே வேணாம். ரேடியேட்டர் ஆற வெச்சு அனுப்பின தண்ணியைத்தான் அது பாக்கும், ஹெட் கொதிக்கிற நேரத்துலயும் மீட்டர் ஒண்ணும் இல்லாத மாதிரி ஒரு நம்பர் காட்டிட்டு இருக்கும். தகடுக்கு நடுவுல சொருகுறது ஃபேனை ஆன் பண்ற கிட்டுக்கு பண்ற வேலை, இன்ஜின் சூடு அதுல தெரியாது.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல சில வண்டிக்கு சும்மா ஒரு பிளக் போட்டு மூடின துளை இருக்கும், அதை முதல்ல தேடிப் பாருங்க. இல்லேன்னா ஹவுசிங்கை கழட்டி லேத்துல குடுத்து துளை போட்டு டேப் அடிச்சு, அதாவது உள்ள மரை வெட்டி வாங்கலாம். வண்டியில இருக்கும்போதே துளை போட விடாதீங்க, அலுமினிய சீவல் உள்ள போனா வாட்டர் பம்ப் சீல் வரைக்கும் போய் தொந்தரவு பண்ணும். சென்சார் மரை என்னன்னு டேப் அடிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க, எட்டுல ஒண்ணுன்னு வாய்ல சொல்லி வாங்காம சென்சாரையே கையில எடுத்துட்டு போங்க. 1/8 என்பிடி-யும் (பைப் மரை) எம்10 மரையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி முறுக்கினா ரெண்டு சுத்து நல்லா போயிட்டு அப்புறம் மரையை தின்னுடும்.

ஹவுசிங்ல கை வைக்க விருப்பமில்லேன்னா மேல் ஓஸை வெட்டி நடுவுல அலுமினிய அடாப்டர் போடலாம், இன்ஜினுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. ஆனா தெர்மோஸ்டாட் மேல் ஓஸ் பக்கம் இருந்தா அது திறக்கிற வரைக்கும், அதாவது பொதுவா 82 டிகிரியோ 88 டிகிரியோ ஆகுற வரைக்கும், மீட்டர் குறைச்சுத்தான் காட்டும், தெர்மோஸ்டாட் மூடின நிலையிலேயே சிக்கிக்கிச்சுன்னா உள்ள கொதிக்கும், மீட்டர்ல தெரியாது. நிறைய ஹோண்டா, டொயோட்டா இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கீழ் ஓஸ் பக்கம் இருக்கும், அந்த மாதிரி வண்டிக்கு மேல் ஓஸ் பரவாயில்ல.

இன்னொன்னு, ஏற்கனவே இருக்கிற ரெண்டு ஒயர் சென்சார் ஈசியூவுக்கு (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) சொந்தம். அதை கழட்டவும் வேணாம், அந்த ஒயர்ல உங்க மீட்டரை சேக்கவும் வேணாம். ஈசியூவுக்கு தப்பான சூடு போச்சுன்னா பெட்ரோல் அளவு, ஃபேன் எல்லாமே குழம்பிடும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். மலையில ஓஸ் வெடிச்சு தண்ணி மொத்தமும் கொட்டிடுச்சுன்னு வைங்க, சென்சார் முனை தண்ணியில முங்கி இருக்காது, வெறும் ஆவியிலயும் காத்துலயும் நிக்கும், இன்ஜின் வெந்துட்டு இருக்கும்போது மீட்டர் நம்பர் குறையக்கூட செய்யும். தண்ணியை பாக்குற எந்த சென்சாருக்கும் இந்த குறை உண்டு, எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் சரி. அதனால மலை ஏறுறவங்க ரிங் மாதிரி முனை இருக்கிற சென்சார் ஒண்ணை ஹெட்டுலயே சும்மா இருக்கிற ஒரு போல்ட் துளையில முறுக்கி, அதுக்கு அலாரமும் வெச்சுக்கறது நல்லது. அது இரும்போட, அலுமினியத்தோட சூட்டையே பாக்கும், தண்ணி இருந்தாலும் இல்லேன்னாலும் கத்தும். ஹெட்டை பிளாக்கோட சேத்துப் பிடிக்கிற போல்ட்டை மட்டும் இதுக்காக யாரையும் தளர்த்த விடாதீங்க, ஹெட் கேஸ்கெட் போயிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு பக்கத்துலயும் வேணாம்.

மாட்டி முடிச்சதும் கூலன்ட் ஊத்தி ஏர் எடுக்காம வண்டியை வெளிய எடுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, மேல் ஓஸ் அடாப்டர்ல ஒரு ஒயர் சென்சார் மாட்டியிருக்கேன். ஹெட்லைட் போட்டா நம்பர் ஏறுது, சில நேரம் வேலையே செய்யல. சென்சார் மாத்தணுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: சென்சார் மேல சந்தேகப்படாதீங்க தம்பி, எர்த்தை பாருங்க. ஒரு ஒயர் சென்சாருக்கு அதோட உடம்புதான் எர்த், உங்க அடாப்டருக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் ஓஸ், எர்த் எங்கேர்ந்து வரும்? அடாப்டர்ல இருந்து தனி ஒயர் எடுத்து இன்ஜின்லயே முறுக்குங்க. மீட்டரோட எர்த்தையும் லைட் எர்த்துல சேக்காம தனியா குடுங்க. மரையில டெஃப்லான் டேப் நிறைய சுத்தியிருந்தா அதையும் கொறைங்க.

கேள்வி: மீட்டர் மாட்டியாச்சு, எத்தனை டிகிரியில பயப்படணும்? (ஓசூர் வாசகர்)

பதில்: கொஞ்ச நாள் ஓட்டி உங்க வண்டியோட வழக்கமான நம்பரை தெரிஞ்சுக்குங்க, பொதுவா 85-ல இருந்து 95-க்குள்ள ஓடும், டிராஃபிக்ல நின்னா இன்னும் கொஞ்சம் ஏறி ஃபேன் போட்டதும் இறங்கும். 105 தாண்டினா ஏசியை நிறுத்தி ஹீட்டரை ஃபுல்லா திறந்து விடுங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். 110-க்கு மேல போனா ஓரம் கட்டி நிறுத்திடுங்க. ரேடியேட்டர் மூடியில பிரஷர் இருக்கிறதாலதான் அந்த சூட்டுலயும் தண்ணி கொதிக்காம நிக்குது, மூடியை திறந்தீங்கன்னா அந்த நொடியே கொதிச்சு மூஞ்சில அடிக்கும். நல்லா ஆறி, மேல் ஓஸை கையால அமுக்கினா மெத்துன்னு இருக்கிற வரைக்கும் மூடி பக்கமே போகாதீங்க.