வாசகர் கேட்டவை: அப்பத்தாவைப் பற்றி என்ன எழுதுவது?

அக்கா, என் அப்பத்தா போன வருஷம் காலமானார். தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, கடல்பாசி எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் போடலாம் என்கிறார் சித்தப்பா. எழுதும் பொறுப்பு என் தலையில். 'அன்பின் இருப்பிடம், தியாகத்தின் திருவுருவம்' என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. என்ன செய்ய?
— ஒரு பேத்தி, பாம்பன் சின்னப்பாலம்

அந்த இரண்டையும் அச்சகத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள் தங்கச்சி, நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் எந்த நினைவஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தாலும் அதுதான் இருக்கும். படம் மட்டும்தான் மாறும். நீங்கள் அப்பத்தா பாசிக்குக் கிளம்பும் காலையிலிருந்து தொடங்குங்கள்.

என் அம்மாச்சியும் மண்டபத்தில் பாசி எடுத்தவர்தான். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில் வேலை. சேலைக்கு மேல் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவார். நைந்த வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, விரல் ஒவ்வொன்றுக்கும் சுற்றுவார். பெருவிரலுக்குக் கடைசியில், துணி நுனியைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பிய்த்து, துணியையும் மீறி விரல் கிழிந்திருக்கும். சாயங்காலம் குழம்பில் கை வைத்தால் எரியும். அதனால் பாசி நாட்களில் எங்களுக்குக் கரண்டியால்தான் சோறு ஊட்டுவார். மற்ற நாட்களில் உருண்டை பிடித்துக் கையில் வைப்பார். 'குடும்பத்துக்காக உழைத்தார்' என்றால் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். இந்தக் கரண்டி எங்கள் அம்மாச்சிக்கு மட்டும்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், தேடுங்கள்.

அப்புறம் உங்கள் அப்பத்தாவின் கூட்டாளிகள். பாசிக்காரப் பெண்கள் கூட்டாகத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி கண் அங்கேயே இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள். உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பார்த்தது அம்மாவை. வத்தை என்கிற சின்னப் படகில் கூட உட்கார்ந்து போனவர்கள் பார்த்த ஆள் வேறு. யாரைக் கேலி செய்தார், யாரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தார், முதல் பாசிக்காசில் தனக்கென்று என்ன வாங்கினார் என்று கேளுங்கள். 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆவதற்கு முன்னால் தீவில் தங்கிப் பாசி எடுத்திருக்கிறாரா, அங்கே என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். சண்டையை மலரில் போடக்கூடாது என்று சித்தப்பா சொல்வார். நீங்கள் போடுங்கள்.

எங்கள் அம்மாச்சிக்கு ஒரு சிநேகிதி இருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெயர் 'தனுஷ்கோடிக்காரி'. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் வீடு வாசல் எல்லாம் போய், கைக்குழந்தையோடு மண்டபம் வந்து சேர்ந்தவர். தனுஷ்கோடி குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அரசாங்கமே அறிவித்துவிட்ட பிறகு எங்கே திரும்புவது? அம்மாச்சி தன் ஓலை வீட்டுக்கு நடுவே ஒரு தட்டியை நிறுத்தி, மறுபாதியைக் கொடுத்துவிட்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும் தட்டிக்கு மேலே குழம்புக் கிண்ணம் மட்டும் போய் வந்துகொண்டிருக்குமாம். இதைச் சொன்னது தனுஷ்கோடிக்காரிதான். அம்மாச்சியைக் கேட்டால், "ஆமா, இங்கனதான் இருந்தா" என்பதோடு சரி.

கீழக்கரையிலும் ஒரு சிநேகிதி உண்டு. நோன்பு மாதத்தில் அங்கேயிருந்து பால் ஊற்றிக் காய்ச்சிய கடல்பாசி துண்டு போட்டு வரும். நம் பெண்கள் எடுக்கிற பாசி மதுரைப் பக்கம் கம்பெனிகளுக்குப் போய், வெள்ளை வெளேரென்று ஆகித் திரும்பும் சமாச்சாரம் அது. அம்மாச்சி ஒரு துண்டை வாயில் போட்டு, "இந்த வழுவழுப்புக்கா இத்தனை பாடு!" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுப்பார்.

நாலு பக்கம் பத்தாது என்று சித்தப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

என் அம்மாச்சியின் ஆதாரில் 1.1.1940 என்று இருக்கிறது. அதைவிட மூத்தவர் என்கிறார் அம்மா. கல்லறையில் எந்தத் தேதியை வெட்டுவது?
— ஒரு பேரன், தங்கச்சிமடம்

நம் பாட்டிமார் நிறையப் பேர் ஆதாரில் ஜனவரி 1-ஆம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள் தம்பி! முதலில் அவர் பிறந்த ஊர்ப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் கிடைக்காவிட்டால் புயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தீவில் வயதானவர்கள் புயலுக்கு முன்னே, புயலுக்குப் பின்னே என்றுதானே கணக்குச் சொல்வார்கள்? புயலன்று அம்மாச்சி மடியில் யார், வயிற்றில் யார்? கல்யாணத்துக்கு இலங்கையிலிருந்து அக்கரைச் சொந்தம் வந்தது தனுஷ்கோடியில் கப்பல் இறங்கியா, ராமேஸ்வரத்தில் இறங்கியா? தனுஷ்கோடி என்றால் 1964-க்கு முன். உங்கள் வீட்டு மூத்த பேரன் பிறந்தபோது ரோட்டுப் பாலம் இருந்ததா? அது திறந்தது 1988-ல். அதற்கு முன்னால் வலி எடுத்த பெண்ணை மண்டபத்துக்குக் கொண்டுபோக ரயிலையோ படகையோ பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்படியும் பிடிபடாவிட்டால் வருஷத்தை மட்டும் போட்டு, முன்னால் 'சுமார்' என்று வெட்டச் சொல்லுங்கள். கல் வெட்டுகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

கருவாட்டு வியாபாரம் செய்த எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கடன் நோட்டு கிடைத்தது. தெருவில் பாதிப் பேர் பெயர் அதில் இருக்கிறது. போய்க் கேட்கலாமா?
— ஒரு வாசகர், தொண்டி

கேட்க வேண்டாம். பாட்டி உயிரோடு இருந்தபோது எதிர்ப்பட்டும் கேட்காத காசு அது. ஆனால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு, யார் பிரசவத்துக்கு, யார் வலைக்குக் கொடுத்தார் என்று எழுதியிருந்தால் அதைவிட நல்ல சரித்திரம் உங்கள் குடும்பத்தில் யாரும் எழுதப்போவதில்லை. தாமாகவே யாராவது பணத்தோடு வந்தால், "அதெல்லாம் வேண்டாம்" என்று பெருந்தன்மை காட்டாமல் வாங்கிக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிடுங்கள்.