ஏ.சி. இல்லாமல் சமுதாயக் கூடம் கட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் கரூர் பக்கம். ஊர்ப் பொதுவில் 30 சென்ட் இடத்தில் 3,000 சதுர அடிக்குச் சமுதாயக் கூடம் கட்டப்போகிறோம். கல்யாணம், காதுகுத்து, கிராம சபை எல்லாம் அங்கேதான். இடத்துக்கு மேற்கே ரோடு. ரோட்டோரம் பெரிய வேப்பமரம் நிற்கிறது. மரத்தை எடுத்துவிட்டு, நீளவாட்டம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி கட்டி, கண்ணாடி முகப்பு வைத்து ஏ.சி. போட்டுவிடலாம் என்கிறார் பொறியாளர். கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். முந்நூறு பேர் கூடினால் 30 கிலோவாட். வெயில் துளிகூட உள்ளே வராவிட்டாலும், இந்தச் சூட்டை வெளியேற்ற மட்டுமே ஒன்றரை டன் ஏ.சி. ஆறு வேண்டும். கூரைச் சூடு, சமையல்கட்டுச் சூடு எல்லாம் தனி. வீட்டுக்கு யோசிப்பதுபோல் சமுதாயக் கூடத்துக்கு யோசிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பல நாள் பூட்டிக் கிடக்கும். நிறைந்தால் ஒரேயடியாக நிறையும். இதை அடைத்து வைத்துக் குளிரூட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. காற்று ஒரு பக்கம் நுழைந்து, கூட்டத்தின் சூட்டை வாரிக்கொண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். ரோட்டைப் பார்ப்பது குறுகிய பக்கமாக இருக்கட்டும். உங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்கு, தெற்கு இரண்டு சுவருக்கும் இரண்டடி, இரண்டரை அடி சன்ஷேட் போட்டால் வெயிலைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். மேற்குச் சுவர் அப்படியில்லை. நாலு மணி வெயில் படுக்கையாக வந்து விழும். எவ்வளவு நீட்டி சன்ஷேட் வைத்தாலும் தடுக்காது. அந்தப் பக்கம் கண்ணாடி முகப்பு வைத்தால் மண்டபம் அடுப்பாகிவிடும்.

ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. வேண்டாத வெயிலும் வேண்டிய காற்றும் ஒரே திசை. இதற்குச் செங்கல் ஜாலிதான் சரியான பதில். ஒன்பது அங்குலச் சுவரில், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கல்லை எடுத்த மாதிரி நாலரை அங்குல ஓட்டைகள். ஓட்டையின் அகலத்தைவிட ஆழம் அதிகம் என்பதால் சாய்வெயில் பக்கவாட்டில் முட்டி நின்றுவிடும், காற்று நுழைந்துவிடும். ஜாலிக்கு முன்னால் எட்டடித் தாழ்வாரம் இறக்குங்கள். மழைச்சாரலும் உள்ளே வராது, ஊர்க்காரர்கள் உட்காரத் திண்ணையும் கிடைக்கும். கொசுவுக்கு உள்பக்கம் வலை. கிழக்குப் பக்கம் காற்று வெளியேறும் திறப்பு, நுழையும் திறப்பைவிடப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. வெளியேற வழியில்லாவிட்டால் காற்று உள்ளேயும் வராது. வடக்கிலும் தெற்கிலும் இடுப்பளவில் ஜன்னல்கள், கூரையை ஒட்டி வென்டிலேட்டர்கள். சூடான காற்று மேலே ஏறி அது வழியாகப் போய்விடும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கட்டடக் குழுவோடு ஒருமுறை திருவனந்தபுரம் போய் வாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் அங்கே இருக்கிறது. ஜாலிச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

வேப்பமரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். மேற்கு வெயிலுக்கு அதைவிட நல்ல திரை காசு கொடுத்தாலும் கிடைக்காது. பங்குனியில் இலை உதிர்த்தாலும் கத்திரி வெயிலுக்குள் தளிர்த்துவிடும். வேர் பாதிக்காதபடி கட்டடத்தைத் தள்ளிப் போடுங்கள். அதன் இரு பக்கமும் புங்கன் நடுங்கள். சுற்றிலும் சிமென்ட் கல் பதிப்பதை வாகனம் நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் மண்ணாகவே இருக்கட்டும்.

நம் ஊர் வெயிலில் சுவர்களைவிடக் கூரைதான் அதிகம் காயும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இறக்கும். சரியாக மாலை வரவேற்பு நேரத்துக்கு. தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, அதன்மேல் வெள்ளைத் தட்டோடு பதியுங்கள். காசு இடிக்கிறதென்றால் சாதாரண ஓட்டின்மேல் வருஷாவருஷம் மாசியில் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். சிலர் செலவு குறைவென்று தகரக் கூரையைச் சொல்வார்கள். ஏற்காதீர்கள். சூடு ஒருபக்கம், மழை பெய்தால் மேடையில் பேசுவது கேட்காது.

சித்திரை, வைகாசி மதியத்தில் கரூர் பரமத்தியில் 40 டிகிரி தாண்டும். அப்போது வெளிக்காற்றே அனல்தான். உங்கள் பக்கத்துக் காற்றில் அந்த மாதங்களில் ஈரம் குறைவு என்பதால் தண்ணீர் ஊற்றும் பெரிய ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டும், அடைத்தால் புழுங்கும். ஏ.சி. வேண்டுமானால் மணமகள் அறைக்கு மட்டும் ஒன்று போதும்.

சமையல்கட்டைக் கிழக்கே அல்லது தென்கிழக்கே தனிக்கட்டாகப் போடுங்கள். மேல்காற்றில் புகை மண்டபத்துக்கு வராது. வாஸ்து சொல்கிற அக்னி மூலையும் அதுதான் என்பதால் ஊரில் தகராறும் இருக்காது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடித்து, புகையைப் பந்திக்கே கொண்டுவரும்.

மழைநீர்த் தொட்டியையும் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை ஏறக்குறைய 280 சதுர மீட்டர். ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழை என்று வைத்து, வீணாவதைக் கழித்தாலும் ஒன்றரை லட்சம் லிட்டர் அளவுக்கு வரும்.

கடைசியாக சோலார். ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு நாலு யூனிட் போலத் தரும். நூறு சதுர அடி இடம் போதும். மின்வாரிய இணைப்போடு சேர்த்து மூன்று கிலோவாட் போட்டால் உங்களுக்கு ஏராளம். ஆனால் பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். இது தெரியாமல் முகூர்த்த நேரத்தில் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். இருபத்து நாலு பழைய மாதிரி ஃபேன் 1,800 வாட் இழுக்கும். அதே எண்ணிக்கையில், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மாதிரியான பி.எல்.டி.சி. ஃபேன் 720 வாட்தான். எல்.இ.டி. விளக்கும் மைக்கும் சேர்த்தாலும் ஒரு கிலோவாட் பக்கம்தான் வரும். அதற்கு இரண்டு கே.வி.ஏ. இன்வெர்ட்டரும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்குகிற பேட்டரியும் போதும். ஜெனரேட்டர் வாங்க வேண்டியதில்லை.